மலிவு எதில் மிச்சமாகிறது? துருக்கிக் கைத்துப்பாக்கியும் உப்புக் காற்றும்

இராமநாதபுரம் கரையோரத்தில் சீமைக்கருவேலம் வெட்டுபவர் திருப்பாச்சேத்தி அரிவாளின் பிடி அழகைப் பார்ப்பதில்லை. வாய் மடங்கினால் தோய்ச்சல் (காய்ச்சிய இரும்பை நீரில் தோய்த்துக் கடினமாக்குவது) போதவில்லை என்றும், பொரிந்து தெறித்தால் தோய்ச்சல் மிஞ்சிவிட்டது என்றும் சொல்லிவிடுவார். குறைந்த விலைக்கு ஏற்றுமதியாகும் துருக்கிக் கைத்துப்பாக்கிகளின் தரத்தை மதிப்பிடுவதும் ‘இரும்பின் பதம் சரியா?’ என்ற இதே கேள்வியில்தான் தொடங்குகிறது. (9 மி.மீ. கைத்துப்பாக்கியைப் பொதுமக்கள் வைத்திருக்க இந்தியச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. ஆகவே இது வாங்குவோருக்கான வழிகாட்டியன்று, உலோகத்தைப் பற்றிய கட்டுரை.)

சாம்சுனில் கானிக், கிரேசுனில் கிர்சான், திராப்சோனில் டிசாஷ் எனப் பெயர்பெற்ற துருக்கி நிறுவனங்கள் பல கருங்கடல் கரையில் இருக்கின்றன. டிசாஷ் செய்யும் ஒரு வகை, ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1911இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட துப்பாக்கியின் வழிவந்தது. காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டதால் வடிவமைப்புச் செலவு மிச்சம். இந்தச் சிக்கனத்தால் தரம் குறைவதில்லை. எஃகிலும் அதன் வெப்பப் பதத்திலும் கைவைத்தால்தான் குறையும்.

அங்கே கைவைத்தால் என்ன ஆகும் என்பதை அழுத்தத்தின் அளவு உணர்த்தும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு பார் (தரையில் நம்மேல் உள்ள காற்றழுத்தத்தின் அளவு) அழுத்தம் கூடுகிறது என்பது சங்கு குளிப்பவரின் காதுகளுக்குத் தெரியும். உலகின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் அது சுமார் 1,100 பார். 9 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது குழலின் அடிப்பகுதி தாங்கவேண்டிய உச்ச வரம்போ 2,350 பார். ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் ஏறி இறங்கும் இந்த அழுத்தத்தைக் குழல் ஆயிரக்கணக்கான முறை தாங்கவேண்டும். அதனால்தான் ஐரோப்பிய சோதனைக்கூடங்களில் வரம்பைவிட 30 விழுக்காடு கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தேறியதற்கு முத்திரை குத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்ட இன்னொரு வழியும் உண்டு: உறுப்பைக் காந்தமாக்கி நுண்ணிய இரும்புத் தூளைத் தூவினால், விரிசல் உள்ள இடத்தில் தூள் கோடாகச் சேர்ந்துகொள்ளும்.

உலோக மாவை அச்சில் வார்த்துச் செய்யும் சிறு உறுப்புகள் மட்டமா என்பதைப் பற்றித்தான் வீண் சண்டை அதிகம். உலோக மாவைப் பிசினோடு கலந்து அச்சில் அழுத்தி, பிசினை நீக்கிச் சூளையில் சுடும் முறையில் பொருள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். சுடுதல் சரியாக இருந்தால் விசையும் சுத்தியலும் நெடுநாள் உழைக்கும். பதம் தப்பினால் உள்ளே நுண்துளைகள் தங்கி, தோட்டாக்கூட்டை இழுத்து வெளியேற்றும் கொக்கி போன்ற மெல்லிய உறுப்பு முதலில் முறியும். ஆகவே முறையையே பழிப்பது சரியல்ல என்பது என் கருத்து.

நம் கரைக்கு முக்கியமானது மேற்பூச்சு. கருங்கடலின் மேற்பரப்பு நீரில் கிலோவுக்கு 18 கிராம் அளவுக்கே உப்பு. மன்னார் வளைகுடாவில் ஏறத்தாழ 35 கிராம். மேலும் கடலுப்பில் சோடியம் குளோரைடோடு மக்னீசியம் குளோரைடும் இருப்பதால், அது குறைந்த ஈரப்பதத்திலும் காற்றின் நீரை இழுத்துக் கசிகிறது. பாம்பன் வீடுகளில் கல்லுப்புச் சாடி நனைந்து கிடப்பதும், இரும்பின்மேல் படிந்த உப்பு காயாமல் மின்பகுளியாக (மின்சாரம் கடத்தும் கரைசலாக) நின்று அதை அரிப்பதும் ஒரே காரணத்தால்தான். ஆலைகளில் 5 விழுக்காடு உப்புக் கரைசலை 35 டிகிரி செல்சியஸில் பனியாகத் தூவி மேற்பூச்சைச் சோதிக்கிறார்கள். ஆனால் அந்தப் பனி இடைவிடாதது. பகலில் காய்ந்து இரவில் நனையும் தனுஷ்கோடிக் காற்றை அது அப்படியே காட்டாது.

எவர்சில்வர் என்றாலே துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. சமையலறையின் நல்ல பாத்திரத்தில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. துப்பாக்கிக் குழல்களுக்குப் பயன்படும் 416 என்ற எவர்சில்வர் வகையில் குரோமியம் 12 முதல் 14 விழுக்காடுதான். எளிதாகக் கடைவதற்காகச் சேர்த்த கந்தகம் அரிப்பு தொடங்கும் புள்ளியாகிவிடுகிறது. எஃகின் தோலுக்குள் நைட்ரஜனை ஊடுருவச் செய்யும் முறை, பெயரக்கூடிய பூச்சைவிட இங்கே நன்றாக நிற்கும். பளபளக்கும் ஸ்லைடை (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதியை) பார்த்து ஏமாறாதவர், பிடியின் கீழுள்ள ஆணியையும் சுருள்வில்லையும் திருகுத் துளையின் விளிம்பையும் பார்ப்பார். பூச்சு எட்டாத அந்த இடங்களில்தான் உப்பு முதலில் தங்கும்.