வரைபடத்தை ஆணியிலிருந்து இறக்குங்கள்

திருவொற்றியூரில் நான் புவியியல் எடுக்கும் எட்டாம் வகுப்பில் இந்திய வரைபடம் தெற்குச் சுவரில் தொங்கும். அதைப் பார்த்து உட்காரும் பிள்ளைகளுக்கு நிஜக் கடல் இடது கைப் பக்கம், படத்தில் வங்காள விரிகுடா வலது பக்கம். பல வருஷம் இது எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு நாள் "கடல் எந்தப் பக்கம், கை காட்டுங்க" என்றேன். அலைச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் கடலுக்கு எதிரே, பக்கிங்ஹாம் கால்வாய் இருக்கும் பக்கம் கை நீட்டினார்கள்.

தெரியாததால் இல்லை, சுவரில் மாட்டிய படம் அப்படிப் பழக்கியிருக்கிறது. வடக்கு என்றால் மேலே, தெற்கு என்றால் கீழே. நைல் நதி வடக்கு நோக்கி ஓடுகிறது என்றதும் "எப்படி மிஸ் மேல ஏறும்?" என்று ஒரு பையன் கேட்டான், படத்தில் பார்த்தால் அப்படித்தானே இருக்கிறது!

இப்போதெல்லாம் படத்தை இறக்கித் தரையில் விரித்துவிடுகிறேன். பக்கத்தில் திசைகாட்டியை வைத்து, படத்தின் வடக்கு நிஜ வடக்கோடு சேரும்வரை பிள்ளைகளே திருப்ப வேண்டும். அப்புறம் எண்ணூர்ப் பக்கம் கரையோரமாகவே போனால் விசாகப்பட்டினம், ராயபுரம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் ராமேஸ்வரம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

செல்போனில் வழி பார்க்கும்போது பெரும்பாலும் நாம் போகும் திசைதான் மேலே இருக்கும். வழி தவறாது, நல்லதுதான். ஆனால் நாம் திரும்பும்போதெல்லாம் படமும் கூடவே திரும்பிவிடுவதால் திசையை மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கமே வருவதில்லை.

உலக உருண்டையும் அப்படித்தான், அலமாரி மேல் தூசி படிய வைத்தால் பயனில்லை, கையில் கொடுக்க வேண்டும். சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நூலை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். தட்டைப் படத்தில் பசிபிக்கின் குறுக்கே கோடு போட்ட அதே பிள்ளைகள், நூல் திபெத், மங்கோலியா, சைபீரியா வழியாக ஏறி அலாஸ்காவில் இறங்குவதைப் பார்த்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார்கள். 1569-இல் மெர்கேட்டர் என்ற வரைபட நிபுணர் வகுத்த முறையில் வரைந்த படத்தில் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். உண்மையில் அது சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியா 32.87 லட்சம். உருண்டைமேல் மெல்லிய தாளை வைத்து இரண்டையும் வரைந்து வெட்டினால் போதும், நான் வாயே திறக்க வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் டியூப். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அங்கிருந்து தரை எவ்வளவு கீழே என்று இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளந்தால் எந்த இடம் பள்ளம் என்று தெரிந்துவிடும். 1802-இல் இதே சென்னையில், பரங்கிமலைப் பக்கம், லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 100 அடி எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப வைத்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் அளந்துதான் இந்தியாவின் பெரும் நில அளவையைத் தொடங்கினார் என்பதை, டியூப் பிடித்துத் தெருவில் குனிந்து நிற்கும்போது சொன்னால் பிள்ளைகள் உன்னிப்பாகக் கேட்கிறார்கள்.

கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் மழைத் தண்ணீர் ஏன் தெருவிலேயே நிற்கிறது என்று போன மழைக்குப் பிறகு ஒரு மாணவி கேட்டாள். பத்துப் பத்து மீட்டராக அளந்துகொண்டே போனோம். கடல் பக்கம் மணல் மேடு, தெரு சரிவது மேற்கே, கால்வாயை நோக்கி. கடைசி வீடு தொடக்கத்தைவிட இரண்டு சாண் பள்ளம். அது அவள் வீடு. அன்றைக்குச் சாயங்காலமே அப்பாவைக் கூட்டிவந்து டியூபில் காட்டினாள்.