2 கிலோமீட்டர் நீந்த நினைப்பவர்களுக்கு: முதல் லாப்பை மெதுவாகப் போங்கள்

சிங்கப்பூரின் ஈசூன் நீச்சல் வளாகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என்னிடம் பயிற்சி எடுக்கும் 47 வயது அண்ணன் ஒருவர், தீபாவளிக்குள் நிற்காமல் 2 கிலோமீட்டர் நீந்திவிட வேண்டும் என்று குளத்தில் இறங்கினார். 50 மீட்டர் குளத்தில் அது 40 லாப். முதல் லாப் 55 விநாடி. நான்காவது 1 நிமிடம் 12 விநாடி. பத்தாவது 1 நிமிடம் 38 விநாடி. பதினான்காவது முடிந்து சுவரைப் பிடித்தவர் அப்புறம் கையை எடுக்கவே இல்லை. "வயசாயிடுச்சு கோச், ஸ்டாமினா பத்தல" என்றார்.

ஸ்டாமினா அவரிடம் இருந்தது. அதை முதல் 100 மீட்டரிலேயே கொட்டிவிட்டார். பெரியவர்களுக்குப் பயிற்சி தரும் நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். நெடுந்தூரத்தைப் பாதியில் விடுகிறவர்களில் பெரும்பாலோர் பலம் குறைந்தவர்கள் அல்லர், அவசரப்பட்டுத் தொடங்கியவர்கள்.

தண்ணீரில் வேகத்துக்குக் கொடுக்கும் விலை மிக அதிகம். வேகத்தை 10 விழுக்காடு கூட்டினால் உழைப்பு 33 விழுக்காடு அளவுக்குக் கூடிவிடும். அந்த அண்ணனுக்குப் பொருத்தமான லாப் நேரம் 85 விநாடி. அதை 55 விநாடியில் போனபோது, நீந்திய ஒவ்வொரு விநாடியும் மூன்றரை மடங்குக்கு மேல் உழைத்திருக்கிறார். ஆனால் அப்போது அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. தசைக்குள் இருக்கும் உடனடிச் சக்திச் சேமிப்பு முதல் சில விநாடிகளுக்குக் கைகொடுக்கும். தேவைக்கேற்ற ஆக்சிஜன் வந்து சேர இரண்டு நிமிடம்போல் ஆகும். அதுவரை உடம்பு கடனில்தான் ஓடுகிறது. "இன்னிக்கு உடம்பு நல்லா இருக்கே" என்று முதல் லாப்பில் தோன்றும் நினைப்பை மட்டும் நம்பாதீர்கள்.

சரி, 85 விநாடி என்று எப்படிக் கண்டுபிடித்தோம்? ஒரு நாள் நன்றாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு 400 மீட்டரை முழு முயற்சியோடு நீந்தச் சொன்னேன். 10 நிமிடம் 20 விநாடி. போதிய ஓய்வுக்குப் பிறகு 200 மீட்டர், அது 4 நிமிடம் 50 விநாடி. இரண்டுக்கும் வித்தியாசம் 330 விநாடி, 200 மீட்டர். அதாவது 100 மீட்டருக்கு 2 நிமிடம் 45 விநாடி. உடம்பு தாக்குப்பிடிக்கும் எல்லை வேகம் ஏறக்குறைய இதுதான். 2 கிலோமீட்டருக்கு அதோடு 5 விநாடி சேர்த்தால் 2 நிமிடம் 50 விநாடி, லாப்புக்கு 85. புதியவர்களாக இருந்தால் 10 விநாடிகூடச் சேர்ப்பேன். ஒரு கைக்கடிகாரம் போதும், நீங்களே செய்து பார்க்கலாம்.

கணக்கு சுலபம், கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். முதல் நான்கு லாப்பும் "இவ்வளவு மெதுவாகவா" என்று கூச்சமாக இருக்க வேண்டும். பக்கத்து லேனில் ஒரு பையன் நம்மைத் தாண்டிப் போவான், போகட்டும். காலை அதிகம் உதைக்காதீர்கள். தொடைத் தசை பெரியது, ஆக்சிஜனை அள்ளிக் குடிக்கும். உடம்பு மட்டமாக மிதக்கும் அளவுக்கு உதைத்தால் போதும். தண்ணீருக்குள் முகம் இருக்கும்போதே மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். மூச்சு முட்டுவதாகச் சொல்பவர்களில் பலர் உள்ளே இருப்பதை வெளியேற்றாதவர்கள். லாப்புக்கு எத்தனை ஸ்ட்ரோக் (கைவீச்சு) என்று எண்ணி வாருங்கள். அதே நேரத்துக்கு நாலைந்து ஸ்ட்ரோக் கூடிவிட்டால் களைப்பு வந்துவிட்டது என்று பொருள். அப்போது கையை வேகமாக வீசாமல் நீட்டிப் பிடியுங்கள்.

2025இல் இங்கே காலாங்கில் நடந்த உலக நீச்சல் போட்டியில் அமெரிக்க வீராங்கனை கேட்டி லெடெக்கி 1500 மீட்டரை 15 நிமிடம் 26 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். அதைப் பார்த்துவிட்டு வந்த மாணவர்கள், "அவங்க ஆரம்பத்துலயே பறக்குறாங்களே" என்றார்கள். நமக்குத்தான் அது பறப்பது. கணக்குப் போட்டால் சராசரியாக லாப்புக்கு 31 விநாடிகூட இல்லை. அந்த வேகத்தை அவரால் 30 லாப்பும் தாங்க முடியும், அதனால்தான் அப்படித் தொடங்குகிறார்.

நம் ஊருக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. போட்டிக் குளத்தின் வெப்பநிலை 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே திறந்தவெளிக் குளங்கள் வெயில் நேரத்தில் அதைத் தாண்டுவது சாதாரணம். தண்ணீருக்குள் வியர்ப்பது நமக்குத் தெரியாது. லேன் முனையில் ஒரு தண்ணீர் போத்தல் வைத்துக்கொண்டு பத்து லாப்புக்கு ஒரு மிடறு குடியுங்கள். இன்னொன்று மின்னல். எச்சரிக்கை வந்தால் எல்லாரும் வெளியேற வேண்டும். திரும்ப இறங்கும்போது போன நேரத்தைப் பிடிக்கப் பாய்கிறார்கள், அது மறுபடியும் முதல் லாப் தவறுதான்.

இதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. நம்மவர்களிடையே நீரிழிவு அதிகம். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் ஒரு மணி நேர நீச்சலுக்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். கரையில் இனிப்புப் பானம் ஒன்று இருக்கட்டும். நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், இருமலோடு மூச்சுத்திணறல் என்றால் லாப் கணக்கைப் பார்க்காதீர்கள். நின்று, உயிர்காப்பாளரை நோக்கிக் கையை உயர்த்துங்கள். மூச்சை நெடுநேரம் அடக்குவதற்காக முன்கூட்டியே வேகவேகமாக மூச்சு வாங்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தண்ணீருக்குள் முன்னறிவிப்பே இல்லாமல் நினைவு போய்விடும்.

அந்த அண்ணன் தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு மறுபடியும் இறங்கினார். முதல் லாப் 87 விநாடி. இருபதாவது 85. முப்பத்தாறுக்குப் பிறகுதான் வேகத்தைக் கூட்டவிட்டேன். நாற்பதாவது 79.