கேமரா போடும் மதிப்பெண்ணும் நாம் கேட்க வேண்டிய கணக்கும்

வாளையார் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் பைக்கில் போகிறவர்களுக்கு, எல்லை நெருங்கும்போதே கை ஹெல்மெட் வாரைத் தொட்டுப் பார்க்கும். 2023 ஜூன் 5 முதல் கேரளத்தில் ஏஐ கேமராக்களை வைத்து அபராதம் போடுகிறார்கள். மொத்தம் 726 கேமராக்கள், அதில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட் மாதிரி விஷயங்களைப் பார்ப்பவை. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: "தலைல துண்டக் கட்டீட்டுப் போனா, அது ஹெல்மெட்டுன்னு நெனச்சுக்குமா தம்பி?"

அருமையான கேள்வி. ஹெல்மெட் என்றால் என்னவென்று அந்தக் கருவிக்குத் தெரியாது. இது ஹெல்மெட் போட்ட தலை, இது வெறும் தலை என்று ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கியிருப்பார்கள். புதுப் படம் வந்தால், அது வெறும் தலையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு மதிப்பெண் போடும், 0.91, 0.64 என்று. எத்தனைக்கு மேல் போனால் குற்றமாக எடுப்பது என்ற கோட்டை மனிதர்தான் கிழிக்க வேண்டும். பழக்கிய படங்களில் துண்டு கட்டிய தலைகள் குறைவு என்றால், பெரியவரின் மதிப்பெண் நடுவில் எங்கேயோ தொங்கும், அப்போது அவர் தலையெழுத்து அந்தக் கோடுதான்.

அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பது கணினிக்காரர் மட்டும் முடிவு செய்கிற விஷயமில்லை. இதே வாளையார் ரயில் பாதையில், மதுக்கரைக் காட்டுக்குள், 2024-இல் தமிழ்நாடு வனத்துறை 12 கோபுரங்களில் கேமரா வைத்து யானை வருகிறதா என்று ஏஐ மூலம் பார்க்கத் தொடங்கியது. அங்கே கோடு தாழ்வாக இருப்பதுதான் நியாயம், ஏனென்றால் பத்து முறை வீணாக எச்சரித்தால் ரயில் கொஞ்சம் மெதுவாகப் போகும், ஒருமுறை யானையைப் பார்க்கத் தவறினால் அது சாகும். அபராதத்தில் இது தலைகீழ்: தவறான எச்சரிக்கை ஒவ்வொன்றும் தப்பே செய்யாத ஒருவர் வீட்டுக்குப் போகும் நோட்டீஸ்.

"99 சதவீதம் சரியாகச் சொல்லும்" என்று ஒரு கருவியைப் பற்றிச் சொன்னால் நிம்மதியாக இருக்கும், இல்லையா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் 10,000 பைக்குகள் போகின்றன, 100 பேர்தான் ஹெல்மெட் போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 பேரில் 99 பேரைக் கருவி பிடித்துவிடும். ஒழுங்காகப் போட்ட 9,900 பேரிலும் நூற்றுக்கு ஒருவர் வீதம் 99 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆகப் பிடிபட்டவர்களில் பாதிப் பேர் நிரபராதிகள்! ஊர் ஒழுங்காக நடக்க நடக்க இந்தப் பங்கு கூடிக்கொண்டே போகும்.

அதனால்தான் கேமரா எடுத்த படத்தை ஆள் பார்த்து உறுதி செய்த பிறகே நோட்டீஸ் அனுப்பும் ஏற்பாடு வேண்டும். கேரளத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் கருவி அனுப்பியதில் எத்தனை படங்களை அந்த ஆட்கள் தள்ளுபடி செய்தார்கள்? என்னைக் கேட்டால், மாதாமாதம் வெளியிட வேண்டிய முதல் எண் இதுதான். கருவி எவ்வளவு தப்புச் செய்கிறது, பார்ப்பவர் நிஜமாகவே பார்க்கிறாரா, இரண்டையும் அந்த ஒரே எண் காட்டிவிடும்.

டெல்லி போலீசின் முக அடையாளக் கருவி 80 சதவீதம் ஒத்துப்போனால் அதே ஆள் என்று எடுத்துக்கொள்கிறது என்பது, 2022-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது கிடைத்த பதில். ஆம்ஸ்டர்டாம், ஹெல்சிங்கி நகராட்சிகள் 2020-லேயே தாங்கள் பயன்படுத்தும் கருவிகளுக்குப் பொதுப் பதிவேடு திறந்துவிட்டன, எது என்ன செய்கிறது, எந்தத் தரவை எடுக்கிறது என்று யாரும் படிக்கலாம். நம் 2005 சட்டத்தின் 4-ஆம் பிரிவும் யாரும் கேட்காமலேயே தகவலை வெளியிடச் சொல்கிறது, நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லவும் சொல்கிறது. "கருவி சொன்னது" என்பதெல்லாம் காரணம் ஆகாது. வணிக ரகசியம் என்று சிலர் மறுக்கலாம். நிரலை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், கோடு எங்கே, பிழை எவ்வளவு என்பது பொதுமக்கள் கணக்கு.

அப்புறம் மொழி. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். தகவல் கேட்டு மனுப் போட ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய்க் கட்டணம் போதும். முதல் வரியில் அவர் கேட்டபடியே எழுதினோம்: துண்டு கட்டிய தலையை இந்தக் கருவியிடம் காட்டிச் சோதித்தீர்களா, என்ன மதிப்பெண் வந்தது?