சம்ப் என்பது கழிவுத் தொட்டி அல்ல

வீட்டில் பவளத் தொட்டி, அதாவது பவளமும் கடல்மீனும் வளர்க்கும் உப்புநீர்க் கண்ணாடித் தொட்டி, அமைப்பதைத் தமிழில் விளக்கும் காணொளிகளிலும் விற்பனைக் குறிப்புகளிலும், அதன் கீழே வைக்கும் துணைத் தொட்டியான 'சம்ப்' என்பதைக் 'கழிவுத் தொட்டி' என்று சொல்லும் வழக்கம் பெருகிவருகிறது. பொருந்தாத பெயர் என்ற அளவில் இது நிற்பதில்லை. அந்தப் பெயரை நம்பித் தொட்டி கட்டுகிறவர் வீட்டில், மின்சாரம் போன முதல் நாளே கூடத்துத் தரையில் உப்புத் தண்ணீர் நிற்கும்.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. ஆங்கிலத்துக்கு இது இடைக்காலத் தாழ் ஜெர்மன் (வட ஜெர்மனியின் பேச்சு), டச்சு வழக்குகளிலிருந்து வந்தது, மூலப்பொருள் சதுப்பு. ஜெர்மன் மொழியில் இன்றும் சதுப்புக்கு 'ஸும்ப்ஃப்' என்றே பெயர். பிறகு சுரங்கத்தின் அடியில் ஊற்றுநீர் சேரும் குழி சம்ப் ஆனது. எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் இறங்கித் தங்கும் கலமும் சம்ப் ஆனது. தாழ்ந்த இடத்துக்குத் தானாக வந்து சேர்வது, அங்கிருந்து மறுபடி மேலே ஏற்றப்படுவது: இவ்வளவுதான் அதன் பொருள். நல்லதா அழுக்கா என்ற பேச்சு அதில் இல்லை. சென்னையில் சம்ப் என்றால் லாரித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் வந்து நிற்கும் நிலத்தடித் தொட்டி. குடிக்கவும் சமைக்கவும் எடுக்கும் தண்ணீர் அது. இந்த வழக்கை அறிந்த தமிழரே கடல்மீன் தொட்டிக்கு வரும்போது அதைக் கழிவு என்று பெயர்ப்பது வியப்பாக இருக்கிறது. கழிவுநீர் இறைப்பு நிலையங்களிலும் சம்ப் உண்டு என்பது உண்மைதான். பெயர்ப்பு அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் அங்கே கழிவு என்ற பொருளைத் தருவது சேர்கிற நீர், குழி அல்ல.

பவளத் தொட்டியில் மேலே ஓடும் நீரும் கீழே நிற்கும் நீரும் ஒன்றே. கண்ணாடித் தொட்டியின் மேற்பரப்பிலிருந்து வழிந்து இறங்கும் நீர், தடுப்புக் கண்ணாடிகளைக் கடந்து, பம்பின் வழியே மீண்டும் மேலே ஏறுகிறது. மணிக்கு மூன்று முதல் ஐந்து முறை மேல்தொட்டியின் கொள்ளளவு இப்படிச் சுற்றிவர வேண்டும். நுரையால் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர், ஹீட்டர், நீரைக் குளிர்விக்கும் சில்லருக்குப் போகும் குழாய், பாசி வளர்க்கும் அறை எல்லாம் இங்கேதான். கழிவு என்று சொல்லத்தக்கது ஸ்கிம்மரின் கோப்பையில் ஏறும் பழுப்பு நீரும் வடிகட்டிப் பையில் தங்கும் தூசியும் மட்டும். அந்தப் பையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கழுவாவிட்டால் அதில் தங்கியது அழுகி நைட்ரேட்டாக அதே நீரில் கலக்கும். 'கழிவுத் தொட்டிதானே, அழுக்காகத்தான் இருக்கும்' என்று விட்டுவைப்பவர் பவளத்துக்கு அந்த அழுக்கையே ஊட்டிக்கொண்டிருக்கிறார்.

பெயர் செய்யும் பெரிய கேடு அளவில் வருகிறது. கழிவு சேரத்தானே என்று நினைப்பவர் கைக்கு வந்த சிறிய தொட்டியைக் கீழே வைக்கிறார். மேல்தொட்டி 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் என்று வைப்போம். பரப்பு 7,200 சதுர செ.மீ.; நீர்மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால் 7.2 லிட்டர் கீழே வரும். பம்பு நின்றதும் ஏற்றும் குழாய் சைஃபனாக மாறி, அதன் வாயில் காற்று புகும்வரை நீரைக் கீழே இழுக்கும். வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 36 லிட்டர். மேல்தொட்டி நீர் வழிந்து இறங்கும் வழிவுப் பெட்டியிலும் குழாய்களிலும் நிற்பதற்கு இன்னொரு 10 லிட்டர் சேர்த்தால் 46. கீழே இருப்பது 90 x 40 x 40 தொட்டியாக, ஓடும்போது 22 செ.மீ. நீரோடு இருந்தால், மட்டம் ஏறத்தாழ 13 செ.மீ. உயர்ந்து 35-இல் நிற்கும், வழியாது. அதே இடத்தில் 60 x 30 x 30 தொட்டி 18 செ.மீ. நீரோடு இருந்தால் மேலும் 21.6 லிட்டரே கொள்ளும். மீதி 24 லிட்டருக்கும் மேல் தரைக்குத்தான். நீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு காப்பாற்றும் என்று எண்ணக் கூடாது. சுண்ணாம்புப் படிவோ ஒரு சின்ன நத்தையோ அதன் மடலில் சிக்கினால் போதும், மூடாது. ஏற்றும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே வைத்து, மட்டத்தை ஒட்டி 5 அல்லது 6 மி.மீ. துளை ஒன்று போட்டு, பாசி அடைக்காமல் மாதம் ஒருமுறை குத்திவிடுவதே உறுதியான வழி.

ஆவியாதலும் கீழேதான் தெரியும். மேல்தொட்டியின் மட்டம் மாறாது. பம்பு இருக்கும் அறையில்தான் நீர் குறையும். போவது நீர் மட்டும், உப்பு தங்கிவிடும். ஆகவே உப்பிடாத ஆர்.ஓ. நீரை அங்கேயே ஊற்ற வேண்டும். குறைவது கழிவுநீர்தானே என்று கவனிக்காமல் விட்டால் உப்பளவு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்ற கடல்நீர் அளவைத் தாண்டி ஏறும், பம்பும் காற்றை இழுக்கும்.

இனி, சரியான சொல் எது? 'வடிகட்டித் தொட்டி' என்று சிலர் சொல்கிறார்கள். கழிவுத் தொட்டியைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் ஒரு வடிகட்டியும் வைக்காத வெறுந்தொட்டியும் சம்ப்தான். நீரின் அளவைக் கூட்டுவதும் மட்டத்தைக் காப்பதும் அதன் முதல் வேலை. 'அடித்தொட்டி' என்றால் தொட்டியின் அடிப்பாகமோ என்ற மயக்கம் வரும். நம் ஊராட்சிகளில் 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி' என்று எழுதி வைத்திருப்பதைப் படிக்காத தமிழர் இல்லை. அதன் இணையாகக் 'கீழ்நிலைத் தொட்டி' என்றால் யாருக்கும் விளங்கும். சுருக்கிக் கீழ்த்தொட்டி எனலாம். பேச்சில் சம்ப் என்றே சொல்வதிலும் எனக்குக் குறையில்லை. கடன் சொல் தவறான பொருளைத் தராது. தவறான பெயர்ப்பு தரும்.

'ஓவர்ஃப்ளோ'வுக்கு 'நிரம்பி வழிதல்' என்று எழுதுவதும் இதே வகைப் பிழை. நிரம்பி வழிவது விபத்து. இங்கே சொல்லப்படுவது நீர் மட்டம் பார்த்து வழிந்திறங்கக் கட்டிய ஓர் அமைப்பு. ஏரி கட்டிய நம்மிடம் அதற்குக் கலிங்கு என்ற சொல் இருக்கிறது; தென்மாவட்டங்களில் மறுகால் என்பார்கள். மிகைநீர் மட்டும் குறித்த உயரத்தில் வெளியேற, ஏரி நீர் காக்கப்படுவது கலிங்கால். தொட்டியின் மூலையில் சீப்புப் பற்களோடு நிற்கும் பெட்டி செய்வதும் அதையே. மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடுவதற்கு முன் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்திருந்தால் கலிங்கு தானே நினைவுக்கு வந்திருக்கும்.

குழாய் வேலைக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். கண்ணாடியில் துளையிட்டுக் குழாயைப் பொருத்தும் உறுப்பான 'பல்க்ஹெட்'டுக்கு, கப்பல் அகராதியைப் பார்த்துத் 'தடுப்புச் சுவர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த ஹார்டுவேர் கடையிலும் அது டேங்க் நிப்பிள். ரப்பர் வாஷர் நட் இறுக்கும் பக்கம் அல்ல, நீர் இருக்கும் பக்கம், தலைப்பகுதியை ஒட்டி வர வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டு, பெயருக்கு மட்டும் பாடுபடுகிறார்கள். வடியும் குழாயில் ஓட்டத்தை நுணுக்கமாகத் திருத்த கேட் வால்வு வேண்டும் என்பதைக் 'கதவு அடைப்பான்' என்று எழுதுகிறார்கள். வாசகர் கடைக்குப் போனால் கிடைப்பது பெரும்பாலும் பித்தளை கேட் வால்வு. பித்தளையில் உள்ள செம்பு உப்புநீரில் கரைந்து பவளம், இறால், நத்தை எல்லாவற்றையும் கொல்லும். யூ.பி.வி.சி. கேட் வால்வு என்று கேட்டு வாங்க வேண்டும். அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பவளத் தொட்டியில் அடுக்கும் கல்லான 'லைவ் ராக்' என்பதை 'உயிருள்ள பாறை' ஆக்கியதும் இப்படித்தான். பாறைக்கு உயிரில்லை; அதன் நுண்துளைகளில் குடியேறிய பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. 'நுண்ணுயிர் ஏறிய கல்' என்றால், உலர்ந்த கல்லிலும் அவை ஏறும், அதற்குச் சில வாரம் பிடிக்கும், அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டும்வரை மீன் விடக் கூடாது என்பதெல்லாம் சொல்லிலிருந்தே தொடரும். உயிருள்ள பாறை என்று படித்தவருக்கோ கடலுக்குள் போய் எடுத்து வந்தால்தான் ஆகும் என்று தோன்றும். மன்னார் வளைகுடாவில் பவளக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம்.