‘அடிக்கு எவ்வளவு?’ என்று கேட்பதற்கு முன்னால்

வேலி போட்ட ஆட்கள் வண்டி ஏறிப் போன பிறகுதான் பொறியாளர் ஞாபகம் வருகிறது. “சார், போட்டு எட்டு மாசம்தான் ஆகுது. மூலைக்கால் உள்ள சாஞ்சிடுச்சு, கம்பி தூளி மாதிரி தொங்குது.” சரி, ரசீதைக் கொடுங்கள் என்று வாங்கிப் பார்த்தால் அதில் ஒரே ஒரு வரி: செயின்லிங்க் வேலி (கம்பி வலை வேலி), 160 அடி, அடிக்கு இவ்வளவு. கம்பி என்ன கேஜ் (கனம்), கால் எத்தனை, குழி எவ்வளவு ஆழம், ஒன்றும் இல்லை. எழுதாததைச் செய்யவில்லை என்று யாரிடம் போய்க் கேட்பது? மழைக்காலம் முடிந்தால் போதும், இதே புலம்பல் வரிசை கட்டி வருகிறது.

“மூணு பேர்கிட்ட ரேட் கேட்டேன், குறைஞ்சவருக்குக் கொடுத்தேன்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த மூன்று பேரும் சொன்னது மூன்று வேறு வேலிகளின் விலை. அதை அப்புறம் பார்ப்போம். விலை கேட்பதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: வேலி எந்தக் கோட்டில் வரப்போகிறது?

“இதென்ன கேள்வி, பழைய வேலி இருக்கிற இடத்துலதான்” என்பதுதான் எல்லோருடைய பதிலும். என் பொறுமையை அதிகம் சோதிப்பது இதுதான். பழைய வேலி எல்லை அல்ல. அது ஒரு காலத்தில் யாரோ ஒருவர் சுமாராகப் போட்ட வேலி, அவ்வளவுதான்.

எப்படி நகர்கிறது என்று பாருங்கள். ஒரு கால் ஒடிந்துவிடும். பழைய குழியில் கெட்டியாகக் கிடக்கும் காங்கிரீட்டைப் பெயர்க்க யாருக்கும் மனம் வராது. பக்கத்தில் ஒரு அடி தள்ளிப் புதுக்குழி எடுத்துப் புதுக்காலை நட்டுவிடுவார்கள். இரண்டு தடவை இப்படி நடந்தால் கோடு இரண்டு அடி போய்விட்டது. உங்கள் பக்கமா, அவர் பக்கமா என்பது அன்றைக்குக் கடப்பாரை பிடித்தவர் நின்ற இடத்தைப் பொறுத்தது. உயிர்வேலியாக இருந்தால் இன்னும் மோசம். கிளுவையும் ஒதியனும் நட்டபோது ஒரு கோடு, முப்பது வருடம் கழித்து நான்கு அடி அகலப் புதர். எல்லை அந்தப் புதரின் உள்ஓரமா, நடுவா, வெளிஓரமா? நட்டவருக்குத் தெரியும், அவர் இப்போது இல்லை. பிறகு ஜேசிபி வந்து புதரை ஒரே வழியாக வாரும்போது உள்ளே புதைந்திருந்த அத்துக்கல்லும், அதாவது எல்லைக்கல்லும், சேர்ந்து போய்விடுகிறது. சர்வே கல்லைப் பெயர்ப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. இருந்த ஒரே சாட்சியும் அதோடு போகிறது என்பதாவது புரிய வேண்டாமா?

வேலிக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கே போடணும் என்று கேட்பார். நீங்கள் விரலை நீட்டுவீர்கள். பழைய காலிலிருந்து பழைய காலுக்கு நூல் கட்டிக் குழி எடுத்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து வந்து பார்க்கும்போது காங்கிரீட் காய்ந்திருக்கும். 60 அடிப் பக்கத்தில் ஒரு அடி தவறினால் 60 சதுர அடி. நகரத்தில் அது என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். “பன்னிரண்டு வருஷம் ஆச்சு, இனி எங்களுக்குத்தான் சொந்தம்” என்ற திண்ணைச் சட்டமும் வேண்டாம். அனுபவ பாத்தியதை, அதாவது நெடுநாள் அனுபவித்ததால் கோரும் உரிமை, வேலி நிற்பதால் மட்டும் தானாக வருவதில்லை. நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய விஷயம் அது.

ஆகவே முதலில் பத்திரம், பட்டா, எஃப்.எம்.பி. வரைபடம் (அரசு நில அளவைப் படம்) மூன்றையும் எடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு என்றால் லேஅவுட் வரைபடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உட்பிரிவு ஆகாத மனையின் அளவு எஃப்.எம்.பி.யில் இருக்காது. அலகைப் பார்த்துப் படியுங்கள். பத்திரம் அடியில் இருக்கும், எஃப்.எம்.பி. பெரும்பாலும் மீட்டரில், பழைய ஆவணங்கள் லிங்க்ஸில். ஒரு லிங்க் 7.92 அங்குலம், 100 லிங்க்ஸ் 66 அடி. 91 லிங்க்ஸ் என்று எழுதியிருந்தால் அது 60 அடி, 91 அடி அல்ல. இதைக்கூடக் குழப்பிக்கொண்டு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. எஃப்.எம்.பி. பிரிண்ட் மேல் ஸ்கேல் வைத்து அளக்கவே அளக்காதீர்கள். 1:2000 அளவுத்திட்டப் படத்தில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் ஒரு மீட்டர். எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். செல்போன் ஆப்பில் மனையைச் சுற்றி நடந்து எல்லை கண்டுபிடிக்கும் வித்தையும் வேண்டாம். அதன் பிழை சில மீட்டர்.

கற்கள் கிடைக்கவில்லை என்றால், அல்லது அண்டை வீட்டாருக்குச் சந்தேகம் இருந்தால், அளந்து அத்துக் காட்டச் சொல்லி அரசு நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். பக்கத்து நில உரிமையாளர்களுக்குத் தகவல் கொடுத்து, அவர்களை வைத்துக்கொண்டு அளப்பார்கள். தனியார் சர்வேயர் உங்கள் தெளிவுக்கு உதவுவார், தகராறு வந்தால் அவர் அளவை எதிராளி ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கல் கிடைத்ததும் படம் எடுத்துவிட்டு, கான்ட்ராக்டரைக் கூட்டி வந்து காட்டுங்கள். இன்னொன்று: கால் நடும் குழி ஒரு அடி அகலம். காலின் நடுவை எல்லைக்கோட்டிலேயே வைத்தால் காங்கிரீட் அரையடி அடுத்தவர் மண்ணில் இருக்கும். பொதுவேலி என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நூலை அரையடி உள்ளே கட்டுங்கள்.

சரி, இப்போது விலைக்கு வருவோம்.

40-க்கு 60 மனை. முன்பக்கம் சுவரும் கேட்டும் ஏற்கெனவே இருக்கின்றன. மற்ற மூன்று பக்கம் 160 அடி, ஐந்தடி உயரம், அதாவது 800 சதுர அடி வலை. இரண்டு அங்குலக் கண், 10 கேஜ் கம்பி என்றால் இந்த வலை சுமார் 200 கிலோ. அதே கண்ணில் 12 கேஜ் சுமார் 135 கிலோ. 14 கேஜ் 80 கிலோ. தூரத்தில் நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல் பளபளக்கும். கண்ணை மூன்று அங்குலமாக்கினால் எடை இன்னும் மூன்றில் ஒரு பங்கு குறையும். “அடிக்கு” இருபது ரூபாய் குறைத்துக் கொடுத்தாரே, எங்கிருந்து குறைத்தார் என்று நினைத்தீர்கள்?

கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு “எனக்கு நல்ல 14 கேஜ்லயே போட்டுடுங்க” என்று கேட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் கான்ட்ராக்டருக்குச் சிரிப்பு வராதா? 8 கேஜ் ஏறக்குறைய 4 மி.மீ., 10 கேஜ் 3.25, 12 கேஜ் 2.64, 14 கேஜ் 2 மி.மீ. கேஜ் என்று எழுதாமல் மில்லிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள், வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் மலிவாகவே கிடைக்கிறது. பச்சை பி.வி.சி. பூச்சுக் கம்பி என்றால் வெட்டுமுனையில் பிளாஸ்டிக்கைச் சீவிவிட்டு உள்ளிருக்கும் இரும்பை அளங்கள். மேல்தோலோடு சேர்த்து 10 கேஜ் என்று சொல்வார்கள், உள்ளே 13 இருக்கும். வலை வந்து இறங்கும்போது எடைமேடை ரசீதும் கூடவே வரட்டும். கிலோவில் யாரும் ஏமாற்ற முடியாது.

துத்தநாகப் பூச்சும் கேட்க வேண்டியதுதான். சந்தையில் சாதாரணமாக ஓடுவது சதுர மீட்டருக்கு 30, 40 கிராம் பூச்சு. கடற்கரை ஓரத்தில் அது சீக்கிரமே செம்பழுப்பாகிவிடும். உப்புக்காற்று உள்ள ஊர் என்றால் 200 கிராமுக்கு மேல் உள்ள கனத்த பூச்சைக் கேளுங்கள். இந்தியத் தர எண்கள்: செயின்லிங்க் வலைக்கு ஐ.எஸ். 2721, முள்கம்பிக்கு ஐ.எஸ். 278. இந்த எண்களைச் சொல்லிக் கேட்டாலே பேச்சின் தொனி மாறும்.

அடுத்து கால். எட்டடி இடைவெளியில் நமது மனைக்கு 22 கால். பத்தடியாக்கினால் 17. ஐந்து கால் மிச்சம் அவருக்கு, வலைத் தொய்வு உங்களுக்கு. இரண்டு மூலைக்கும் இரண்டிரண்டு முட்டுக்கால் (சாய்வாக முட்டுக் கொடுக்கும் கால்), இரண்டு முனைக்கும் ஒவ்வொன்று, ஆக ஆறு. முட்டு இல்லாத மூலைக்கால் சாயாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டு பக்க வலையும் அதைத்தான் இழுக்கின்றன. கால் ஏழடி, இரண்டடி மண்ணுக்குள். கரிசலிலும் கொட்டி நிரப்பிய மண்ணிலும் இரண்டரைக்குக் குறையக் கூடாது, அதற்கு எட்டடிக் கால் வாங்க வேண்டும். கல்லுக்கால் என்றால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘கணீர்’ என்று கேட்டால் நல்லது, ‘தொப்’ என்றால் உள்ளே விரிசல். சிமென்ட் கால் வீட்டு முற்றத்தில் வார்த்ததாக இருந்தால் உள்ளே ஒற்றைக் கம்பிதான் இருக்கும். முனையைப் பார்த்து நான்கு கம்பி எண்ணுங்கள். இரும்பு ஆங்கிள் மண்மட்டத்தில்தான் துருப்பிடிக்கும், அதனால் காங்கிரீட்டைத் தரைக்கு மேல் இரண்டு அங்குலம் ஏற்றி, தண்ணீர் வழிந்தோடச் சரிவாக முடிக்க வேண்டும்.

குழிக்குள் என்ன போகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. உடைந்த செங்கல், தோண்டிய மண், மேலே ரெண்டு சட்டிக் கலவை, முடிந்தது வேலை. ஓரடிக்கு ஓரடி, இரண்டடி ஆழக் குழியை 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையால் நிரப்பினால் ஒரு மூட்டை சிமென்ட் மூன்று குழிக்கு வரும். நமது 28 குழிக்கு ஒன்பது, பத்து மூட்டை. நான்கு மூட்டை மட்டும் இறங்கியிருந்தால் கேள்வி கேளுங்கள். கலவையைத் தண்ணீர் சேர்த்துக் கலந்து கொட்ட வேண்டும். காய்ந்த கலவையைக் குழியில் கொட்டி மேலே குடத்தைக் கவிழ்ப்பது காங்கிரீட் அல்ல.

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் கெடுப்பது அவசரம். இன்று கால் நட்டு நாளை வலை இழுத்தால் பச்சைக் காங்கிரீட்டில் கால் அசைந்துகொடுக்கும், அந்த அசைவு ஒருபோதும் சரியாகாது. ஏழு நாள் விட்டுத் தண்ணீர் ஊற்றி, பிறகுதான் இழுக்க வேண்டும். வெளியூர் ஆட்கள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டாவது தடவை வண்டிவாடகை அவர்களுக்கு நஷ்டம். அந்த வாடகையை நீங்களே கொடுத்துவிடுங்கள், தயவுசெய்து. அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் முழு வேலியையும் மறுபடி போடுகிறீர்கள்.

முன்பே வார்த்த சிமென்ட் பலகைகளைச் செருகும் ரெடிமேட் காம்பவுண்ட் போடப் போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: அந்தப் பலகைகள் மறைப்புக்கு மட்டும்தான், மண்ணைத் தாங்க அல்ல. மனையை உயர்த்தி மண் கொட்டிச் சாய்த்து வைத்தால் அடுத்த மழையில் பக்கத்து வீட்டில் கிடக்கும்.

வேலிக் கம்பியை மின்கம்பத்திலோ அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியிலோ கட்டாதீர்கள். கரண்ட் விடலாமா என்று இன்னமும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டு மின்சாரத்தை வேலியில் விடுவது கொலை வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும்.

ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். வலையின் மி.மீ., கண், உயரம், மொத்தக் கிலோ, காலின் வகை, நீளம், எண்ணிக்கை, முட்டு எத்தனை, குழி அளவு, கலவை, வலையைத் தாங்கும் நீள்கம்பி எத்தனை வரிசை, இவையெல்லாம் அதில் வரட்டும். பழைய கம்பியும் காலும் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். பழைய இரும்புக்கு விலை இருக்கிறது, அதைச் சத்தமில்லாமல் ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். இந்தத் தாளைக் காட்டி மூன்று பேரிடமும் மொத்தத் தொகை கேளுங்கள். இப்போதுதான் ஒரே வேலிக்கு மூன்று விலை கிடைக்கும். முன்பணம் கால்பங்கைத் தாண்ட வேண்டாம். பொருள் இறங்கி எடை பார்த்ததும் ஒரு தவணை, கால் நட்டு முடித்ததும் ஒன்று, வலை இழுத்ததும் ஒன்று. கடைசிப் பத்தில் ஒரு பங்கை ஐப்பசி மழை முடியும்வரை கையில் வையுங்கள். இதையும் தாளில் முன்பே எழுதிவிடுங்கள், பிறகு சொன்னால் சண்டைதான். நன்றாக மழை பெய்து மண் ஊறிய மறுநாள் வேலியோரமாக நடந்து ஒவ்வொரு காலையும் தோளால் தள்ளிப் பாருங்கள். ஆடுகிற காலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்துவிட்டு அவருக்குப் போன் பண்ணுங்கள்.