பரங்கி இலைமேல் கை வைக்காதீர்கள்

போன வாரம் மட்டும் மூன்று பேர். மூன்றாவது ஆள், திருவையாற்றுக்கு வடக்கே கொள்ளிடப் படுகையில் பரங்கி போட்டிருக்கும் ஒரு தம்பி. "சார், காய் பெருக்கணும்னு இலையெல்லாம் கழிச்சு விட்டேன். இப்ப பிஞ்சு மஞ்சளாகி உதிருது" என்றார்.

போய்ப் பார்த்தேன். தாய்க்கொடி அவிழ்த்துப் போட்ட கயிறு மாதிரி கிடந்தது. அறுத்த இலைக்காம்புகள் மட்டும் குழல் குழலாக நின்றன. பரங்கி இலைக்காம்பு உள்ளே பொள்ளல். அதில் தண்ணீர் தேங்கி அடியில் அழுகல் இறங்கியிருந்தது. ஏன் இப்படி என்றால், செல்போனை எடுத்து வெளிநாட்டு ராட்சதப் பரங்கி வீடியோவைக் காட்டுகிறார். வீடியோவில் அந்த மனிதர் வெட்டுவது இலையை இல்லை, கொடி நுனியை!

இலை சத்தைத் தின்கிறதாம். எத்தனை வருஷமாக இதைக் கேட்கிறேன்! காய்க்குள் சேரும் மாவும் சர்க்கரையும் வேரிலிருந்து வருவதில்லை. வேர் தண்ணீரும் உப்பும்தான் அனுப்பும். சமையல் முழுக்க இலையில். அடுப்பை இடித்துவிட்டுப் பந்திக்கு இலை போட்டால் எப்படி? முருங்கையை வெட்டினால் துளிர்க்கிறதே, மல்லிகையைக் கவாத்து செய்தால் பூக்கிறதே என்பார்கள். அவை பல வருஷம் நிற்பவை, கட்டையில் சேமிப்பு இருக்கும். பரங்கிக்கு வாழ்வே நாலைந்து மாதம். அதோடு, சித்திரை வெயில் நேரே விழுந்தால் காயின் தோல் வெளுத்து வெந்துபோகும். இலைதான் அதற்குக் குடை. பழுத்துக் காய்ந்த இலை, சாம்பல் நோய் முற்றிய இலை, இவற்றை எடுங்கள். பச்சை இலையைத் தொடாதீர்கள்.

சரி, அந்த ராட்சதக் காய் விஷயம். 2023-ல் கலிபோர்னியாவில் 1,247 கிலோ காய் சாதனை படைத்தது. அந்த வகைக் காய்களின் மூலம் அட்லாண்டிக் ஜயன்ட், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் உருவாக்கிய ரகம். மிதமான கோடைக்கானது. நம் பரங்கி வேறு இனம், நம் வெயிலும் வேறு. ஆசைக்கு ஒரு குழி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கடன் வாங்கி மட்டும் போடாதீர்கள்.

ராட்சதக் காய் வளர்ப்பவர்கள் செய்வது இதுதான். தாய்க்கொடியை நேராக ஓடவிட்டு, பக்கக்கொடிகளை இருபுறமும் மீன்முள் மாதிரி பிரித்து விடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு அடி போனதும் பக்கக்கொடியின் நுனியைக் கிள்ளி மண்ணில் புதைக்கிறார்கள். பக்கக்கொடியில் மறுபடி கிளம்பும் பொடிக்கொடிகளை விரல் நீளத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். கணுக்கள்மேல் மண் அணைக்கிறார்கள். கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும். நம் படுகை வண்டலில் இது கேட்காமலே நடக்கும். அதனால்தான் களை எடுக்கும்போது கொடியைப் புரட்டிப் போடாதீர்கள் என்று கத்துகிறேன். காய் நிற்கும் கணுவில் மட்டும் அவர்கள் வேர் பிடிக்க விடுவதில்லை. காய் பருத்து மேலெழும்போது கொடியும் கூடவே எழ வேண்டும், இல்லாவிட்டால் காம்பு விண்டுவிடும். கடைசியில் ஒரு கொடிக்கு ஒரே காய்.

சந்தைக்குப் போடுகிறவர்களுக்கு அந்த ஒற்றைக்காய்க் கணக்கு வேண்டவே வேண்டாம். மூன்று நான்கு கிலோ காய்தான் சட்டென விற்கும். முதலில் வருவது ஆண்பூ, அதைப் பார்த்து 'மலட்டுக்கொடி' என்று பிடுங்கியவர்களும் உண்டு. அடியில் குட்டிக்காயோடு வருவதுதான் பெண்பூ. பிஞ்சு நிற்கவில்லையென்றால் கத்தியைத் தேடாதீர்கள். விடிந்ததும் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துப் பெண்பூவில் தடவுங்கள். வெயில் ஏறினால் பூ மூடிவிடும்.

நுனி வெட்டுவதென்றால் பனி காய்ந்த பிறகு வெட்டுங்கள். தேமல் விழுந்த கொடியை வெட்டிய கத்தியை அப்படியே அடுத்த கொடிக்குக் கொண்டுபோகாதீர்கள். சில தேமல் வைரஸ்கள் சாற்றிலேயே ஒட்டிக்கொண்டு போகும். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். நான் பையில் ஸ்பிரிட் பாட்டில் வைத்திருப்பதைப் பார்த்து, ஊசி போடுகிற டாக்டரா என்று கேட்டவர்கள் உண்டு.

அந்தத் தம்பியின் கொடியில் நுனி மட்டும் பிழைத்திருக்கிறது. நேற்று படம் அனுப்பினார், புதிதாக ஐந்து இலை. கீழே ஒரு கேள்வி: "சார், இதுல அடி இலை ரெண்டை எடுத்துடலாமா?"