169.254.169.254: சர்வர் தன்னைப் பற்றி விசாரிக்கும் முகவரி

கிளவுடில், அதாவது அமேசான் போன்ற நிறுவனங்கள் வாடகைக்குத் தரும் கணினிகளில், ஒரே இமேஜிலிருந்து (டிஸ்கின் மாதிரி நகலிலிருந்து) ஐம்பது சர்வர்களைக் கிளப்பினால், ஐம்பதும் அச்சில் வார்த்தாற்போல் இருக்கும். தன் ஐடி என்ன, எந்த ஜோனில் ஓடுகிறோம், ஸ்டோரேஜைத் திறக்க எந்தச் சாவி என்பதெல்லாம் டிஸ்கில் இருக்காது. இருந்தால்தான் வம்பு, ஐம்பதுக்கும் ஒரே பெயர் ஆகிவிடும். எனவே எழுந்ததும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்கும் இடம் 169.254.169.254.

169.254 என்று தொடங்குபவை 'லிங்க் லோக்கல்' முகவரிகள். ரவுட்டர்கள் இவற்றை வெளியே கடத்துவதில்லை. அமேசானின் வாடகை சர்வர் சேவையான இசி2வில் இங்கே போகும் கேள்விக்குக் கிளவுடின் அடித்தளமே பதில் சொல்கிறது. கேட்பது எந்த மெஷின் என்று அதற்கு ஏற்கெனவே தெரியும், அதனால் பாஸ்வேர்டு கிடையாது. கூகுளும் மைக்ரோசாஃப்டின் அஸூரும் இதே முகவரியைத்தான் வைத்திருக்கின்றன. அங்கே கோரிக்கையோடு ஒரு தனி ஹெடர் (கோரிக்கையின் தலைப்புக் குறிப்பு) சேர்த்து அனுப்ப வேண்டும்.

இசி2வில் கிடைப்பவற்றில் விலைமதிப்புள்ளது, மெஷினுக்குக் கொடுத்த ஐஏஎம் ரோலின் (எதையெல்லாம் தொடலாம் என்ற அனுமதித் தொகுப்பின்) தற்காலிகச் சாவி. அது சில மணி நேரத்தில் காலாவதியாகும். அதற்குக் குறைந்தது 5 நிமிடம் முன்பே புதுச் சாவி தயாராக இருக்கும். தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் படித்து வைத்துக்கொள்ளும் புரோகிராம் காலையில் நன்றாக ஓடி மாலையில் அனுமதி இல்லை என்று அலறுவது இதனால்தான்.

'உள்ளிருந்து கேட்டால் போதும்' என்ற நம்பிக்கையே ஓட்டையாகவும் ஆனது. வெளியாள் ஒருவர் உங்கள் வெப் சர்வரை ஏமாற்றி, அதையே இந்த முகவரியைப் படிக்க வைத்தால் சாவி அவர் கைக்குப் போய்விடும். 2019இல் கேபிடல் ஒன் வங்கியில் தவறாக அமைந்த வெப் ஃபயர்வால் வழியாக நடந்தது இதுதான். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன.

அதே ஆண்டு நவம்பரில் அமேசான் இந்தச் சேவையின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. அதில் முதலில் 'புட்' (PUT) வகைக் கோரிக்கை அனுப்பி டோக்கன், அதாவது தற்காலிக அனுமதிச் சீட்டு, வாங்க வேண்டும். அதன் ஆயுள் அதிகபட்சம் 21,600 விநாடி. பிறகு ஒவ்வொரு கேள்வியிலும் அந்த டோக்கனை ஹெடரில் வைக்க வேண்டும். ஏமாற்றப்பட்ட சர்வர் பெரும்பாலும் பக்கங்களைப் படிக்கும் சாதாரண 'கெட்' (GET) கோரிக்கை மட்டுமே அனுப்பும், ஹெடர் சேர்க்காது. இந்தச் சின்ன வித்தியாசம்தான் காவல். ஆனால் பழைய பதிப்பையும் திறந்தே வைத்திருந்தால் பயனில்லை. டோக்கன் கட்டாயம் என்று அமைப்பில் மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றியதும் டாக்கர் கன்டெய்னர்கள் (மெஷினுக்குள் தனித்தனிப் பெட்டிகளாக ஓடும் புரோகிராம்கள்) பதில் வராமல் தொங்கினால், ஹாப் வரம்பைப் பாருங்கள். டோக்கன் இருக்கும் பதில் பாக்கெட் எத்தனை நெட்வொர்க் தாவல்களைக் கடக்கலாம் என்பதே அது. டோக்கன் வெளியேறாதபடி அது 1 என்று இருக்கலாம். கன்டெய்னரை மெஷினோடு இணைக்கும் பிரிட்ஜ் நெட்வொர்க் ஒரு ஹாப்பைத் தின்றுவிடுவதால் பதில் பாக்கெட் வழியிலேயே செத்துவிடும். 2 ஆக்கினால் சரியாகும்.

கோரிக்கைகளை வாங்கி உங்கள் சார்பில் வெளியே அனுப்பும் இடைத்தரகு சர்வரான ப்ராக்ஸி இன்னொரு பொறி. இந்த முகவரியை ப்ராக்ஸி விலக்குப் பட்டியலில் சேர்க்காவிட்டால் கேள்வி அங்கே போகும். ப்ராக்ஸியும் இசி2வில் ஓடி, அங்கே பழைய பதிப்பு திறந்திருந்தால், ப்ராக்ஸியின் ஐடியே உங்களுக்குப் பதிலாக வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது.

மெஷினைக் கிளப்பும்போது நீங்கள் எழுதிக் கொடுக்கும் யூசர் டேட்டாவும் இங்கேதான் கிடைக்கும். 16 கேபி வரை. மெஷினுக்குள் ஓடும் எந்தப் புரோகிராமும் அதைப் படிக்கலாம் என்பதால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அதில் எழுதாதீர்கள். அமேசான் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய ஸ்பாட் மெஷின் என்றால் 5 விநாடிக்கு ஒருமுறை நிறுத்த அறிவிப்பையும் கேளுங்கள். '404' (அப்படி எதுவும் இல்லை) என்ற பதிலே வந்துகொண்டிருக்கும்வரை கவலையில்லை. நிறுத்த அறிவிப்பு வந்தால், கையிலுள்ள வேலையை முடிக்க 2 நிமிடம்.